ஏழை நாடு இன்னொரு ஏழை நாட்டுக்கு என்ன செய்துவிட முடியும்?

"தெற்கு–தெற்கு ஒத்துழைப்பு என்று ஐ.நா. சபையில் அடிக்கடி பேசுகிறார்கள். இந்தியா, பிரேசில், கியூபா எல்லாம் சொந்த மக்களுக்கே இன்னும் முழுதாகச் செய்து முடிக்காத நாடுகள். இவை இன்னொரு ஏழை நாட்டுக்கு உதவி என்ன ஆகப்போகிறது? 2030க்குள் எட்ட வேண்டிய வளர்ச்சி இலக்குகளில் இதனால் உருப்படியாக ஏதாவது நடந்திருக்கிறதா? நம் வீட்டில் இத்தனை குறை இருக்கும்போது வெளியூருக்கு ஏன் செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடந்திருக்கிறது. செனகல் முதல் எத்தியோப்பியா வரை 26 நாடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் கொன்ற ஒரு நோய்க்கிருமி, 2017க்குப் பிறகு அங்கே ஒருவரிடம்கூடக் கண்டறியப்படவில்லை. அதை அடக்கிய தடுப்பூசி புனேயில் தயாரானது. அதன் விலையை முடிவு செய்தவர்கள் ஆப்பிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகள். இதை விரிவாகவே சொல்கிறேன். வேளாண்மை, எரிசக்தி, கல்வி என்று இந்த ஒத்துழைப்புக்குப் பல கிளைகள் உண்டு. நான் பெரும்பாலும் மருந்தையும் தடுப்பூசியையும் பிடித்துக்கொள்கிறேன். பலன் கிடைத்ததா இல்லையா என்று அங்கேதான் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

முதலில் பெயரை முடித்துவிடலாம். 'தெற்கு' என்பது வளரும் நாடுகளுக்கான பொதுப்பெயர். 1954இல் கொழும்பில் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய ஐந்து நாடுகளின் பிரதமர்கள் கூடினார்கள். அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்ததுதான் 1955 பாண்டுங் மாநாடு. 1964இல் வளரும் நாடுகளின் 'ஜி 77' குழு உருவானது. 1978 செப்டம்பர் 12 அன்று அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் 138 நாடுகள் சேர்ந்து, தங்களுக்குள் தொழில்நுட்ப உதவி செய்துகொள்ள ஒரு செயல்திட்டத்தை ஏற்றன. அதனால்தான் செப்டம்பர் 12ஐ ஐ.நா. இதற்கான நாளாக வைத்திருக்கிறது. மாநாடுகளைப் பற்றி இவ்வளவு போதும்.

ஆனால் இந்த மாநாடுகளுக்கெல்லாம் முன்பே நடந்த ஒரு விஷயம் இருக்கிறது. 1952இல் இலங்கையில் அரிசிக்குத் தட்டுப்பாடு. உலகச் சந்தையில் அரிசி விலை ஏறிக்கொண்டிருந்தது. அதே நேரம் கொரியப் போரின் ஆரம்பத்தில் உச்சத்துக்குப் போன ரப்பர் விலை சரிந்துகொண்டிருந்தது. ரப்பரை விற்றுத்தான் அரிசி வாங்க வேண்டும் என்ற நிலையில் இருந்த நாட்டுக்கு இது இரண்டு பக்கமும் அடி. அந்தப் பக்கம் சீனாவுக்கு ரப்பர் தேவை. ஆனால் போர் காரணமாக, சீனாவுக்கு அதை விற்கக்கூடாது என்று 1951இல் ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் நிறைவேறியிருந்தது. இலங்கை அப்போது ஐ.நா.வில் உறுப்பினராகவே இல்லை.

அன்றைய இலங்கை அரசு கம்யூனிசத்தை வெளிப்படையாக எதிர்த்த அரசு. சீனாவோடு தூதரக உறவுகூடக் கிடையாது. இருந்தும் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க பீக்கிங்குக்கு (இன்றைய பெய்ஜிங்) போய் 1952 டிசம்பர் 18 அன்று ஒப்பந்தம் போட்டார். ஆண்டுக்கு 2,70,000 டன் அரிசி வரும்; 50,000 டன் ரப்பர் போகும். ரப்பருக்கு உலகச் சந்தை விலையை விடச் சீனா கூடுதலாகக் கொடுத்தது. அமெரிக்காவுக்கு இது பிடிக்கவில்லை; இலங்கைக்கான உதவியை மறுத்தது. ஒப்பந்தமோ, முதலில் போட்ட ஐந்தாண்டைத் தாண்டி, புதுப்பிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு முப்பது ஆண்டு வரை நீடித்தது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யாரும் யாருக்கும் தானம் கொடுக்கவில்லை. தனக்கு என்ன வேண்டும், என்ன விலைக்கு வேண்டும் என்று இரண்டு பேருமே வாய்விட்டுச் சொன்னார்கள். நான் பார்த்தவரை, வளரும் நாடுகளுக்கு இடையிலான வேலைகளில் உருப்பட்டவை எல்லாவற்றிலும் இது இருக்கிறது. கெட்டுப்போனவற்றில் இதுதான் விடுபட்டிருக்கிறது.

இனி அந்தத் தடுப்பூசிக்கு வருகிறேன்.

சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே ஆப்பிரிக்காவைக் குறுக்கே கட்டும் ஓர் ஒட்டியாணம் போல ஒரு நிலப்பரப்பு உண்டு. அதை 'மெனிஞ்சைட்டிஸ் பட்டை' என்பார்கள். டிசம்பர் முதல் ஜூன் வரை வறண்ட காலம். பாலைவனத்திலிருந்து புழுதிக்காற்று வீசும். மூக்கும் தொண்டையும் காய்ந்து புண்ணாகும் அந்தக் காலத்தில் மூளை உறை அழற்சி பரவும். நாம் பேச்சில் மூளைக்காய்ச்சல் என்போமே, அதில் ஒரு வகை இது. காலையில் தலைவலி, காய்ச்சல் என்று படுக்கும் பிள்ளை ஒன்றிரண்டு நாளில் இறந்துவிடலாம். சிகிச்சை கிடைத்தாலும் பத்தில் ஒருவர் பிழைப்பதில்லை. பிழைப்பவர்களிலும் பலருக்குக் காது கேட்காமல் போகும், வலிப்பு வரும், படிப்பு ஏறாது. 1996–97இல் வந்த பெரும் அலையில் இரண்டரை லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். 25,000 பேர் இறந்தார்கள். இந்தப் பெரும் அலைகளுக்குப் பெரும்பாலும் காரணம் அந்தக் கிருமியின் 'ஏ' வகை.

தடுப்பூசி அப்போதும் இருந்தது. ஆனால் அது பழைய வகை. கிருமியின் மேலுறையில் இருக்கும் சர்க்கரைப் பொருளை மட்டும் பிரித்தெடுத்து ஊசியாகப் போடுவார்கள். கைக்குழந்தைகளுக்கு அது சரியாகப் பலிக்காது. பெரியவர்களுக்கும் இரண்டு மூன்று ஆண்டுதான் தாங்கும். தொண்டையில் கிருமியைச் சுமந்து திரிபவர்களிடமிருந்து அது பரவுவதையும் தடுக்காது. ஆகவே நோய் கிளம்பிய பிறகு ஓடிப்போய் ஊசி போடுவதே வழக்கமாக இருந்தது. போய்ச் சேர்வதற்குள் பாதி சேதம் முடிந்திருக்கும். அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துவிட்டால் உடம்பு அதை நீண்டகாலம் நினைவில் வைத்துக்கொள்ளும். இந்தத் தொழில்நுட்பமும் பணக்கார நாடுகளிடம் இருந்தது. பிரிட்டன் 1999லேயே தன் நாட்டில் பரவும் 'சி' வகைக்கு இப்படிப்பட்ட ஊசியைப் போடத் தொடங்கிவிட்டது. 'ஏ' வகைக்கு மட்டும் யாரும் செய்யவில்லை. அதற்கு வாங்குபவர்கள் நைஜரிலும் சாடிலும் இருந்தார்கள்.

2001இல் உலக சுகாதார நிறுவனமும் 'பாத்' என்ற அமைப்பும் சேர்ந்து இதற்கென்று ஒரு திட்டம் தொடங்கின. கேட்ஸ் அறக்கட்டளை 7 கோடி டாலர் கொடுத்தது. திட்டத்தின் தலைவர் மார்க் லஃபோர்ஸ். அவரது குழு செய்த முதல் நல்ல காரியம், ஆப்பிரிக்க சுகாதார அதிகாரிகளிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டது. பதில் தெளிவாக வந்தது: ஓர் ஊசி 50 அமெரிக்க சென்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். எங்களால் வாங்க முடியாத ஒரு தடுப்பூசியைக் கண்டுபிடித்துக் கையில் கொடுப்பது, தடுப்பூசியே இல்லாமல் இருப்பதைவிட மோசம் என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். ஒரு மருந்து இருக்கிறது, ஆனால் நம் பிள்ளைக்கு இல்லை என்று ஒரு தாய்க்குச் சொல்ல வேண்டிய நிலையைப் பார்த்தவர்களால்தான் இப்படிச் சொல்ல முடியும்.

பெரிய மேற்கத்திய நிறுவனங்களோடு பேச்சு நடந்தது. அந்த விலைக்கு எதுவும் படியவில்லை. அப்புறம் குழு வழியை மாற்றியது. யாரோ ஒருவர் முழுதாகச் செய்து தரட்டும் என்று காத்திருக்காமல், துண்டு துண்டாகச் சேர்த்தது. சர்க்கரைப் பொருள் முதலில் நெதர்லாந்து நிறுவனம் ஒன்றிடமிருந்து வந்தது. அதைப் புரதத்தோடு பிணைக்கும் முறையை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வகம் கொடுத்தது. பிணைக்க வேண்டிய புரதம் டெட்டனஸ் ஊசியில் இருப்பதுதான். புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் அதை ஏற்கெனவே பெரிய அளவில் செய்துகொண்டிருந்தது. முறையைக் கற்றுக்கொண்டு, சொன்ன விலைக்குள் செய்து தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. கோடிக்கணக்கில் விற்கும் என்ற உறுதி இருந்ததால் குறைந்த விலையிலும் அவர்களுக்குக் கட்டுபடியானது.

சோதனை 2005இல் இந்தியாவில் தொடங்கி, பிறகு மாலி, காம்பியா, செனகல், கானா என்று போனது. யாருக்கு நோயோ அவர்கள் ஊரிலேயே, அவர்கள் மருத்துவர்களே நடத்திய சோதனை. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஊசி வந்து சேர்ந்தபோது, சோதித்துப் பார்த்த அனுபவமும் அந்த நாடுகளிடமே இருந்தது.

2010 டிசம்பர் 6. புர்கினா பாசோவின் தலைநகர் வாகடூகுவில் 'மென்ஆஃப்ரிவாக்' ஊசி தொடங்கியது. ஒரு வயது முதல் 29 வயது வரை எல்லோருக்கும் ஒரே ஊசி. அன்றைய கணக்கில் ஏறக்குறைய இருபது ரூபாய். சில நாட்களிலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டு முடித்தார்கள். சாடில் ஊசி போட்ட பகுதிகளையும் போடாத பகுதிகளையும் 2012இல் ஒப்பிட்டபோது, போட்ட இடங்களில் நோய் 94 விழுக்காடு குறைவு. அதே ஆண்டு பெனினில் இன்னொன்றை நிரூபித்தார்கள். ஐஸ் பெட்டி இல்லாமல், 40 டிகிரி வரையிலான வெயிலில் நான்கு நாள் இருந்தாலும் இந்த ஊசி கெடாது. மின்சாரம் எட்டாத ஊருக்கு ஊசி கொண்டுபோகும் ஒரு செவிலியருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நினைத்துப் பாருங்கள். இதுவரை 35 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டாகிவிட்டது. 'ஏ' வகை போன இடம் தெரியவில்லை.

இதில் பணம் அமெரிக்க அறக்கட்டளையுடையது, நுட்பத்தில் ஒரு பகுதி அமெரிக்க அரசுடையது, அப்படியிருக்க இதை எப்படித் தெற்கின் ஒத்துழைப்பு என்று சொல்லலாம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஐ.நா. வழக்கில் இதை முக்கோண ஒத்துழைப்பு என்பார்கள். இரண்டு வளரும் நாடுகள் வேலையைச் செய்ய, மூன்றாவதாக ஒரு பணக்கார நாடோ அமைப்போ பணமும் நுட்பமும் தரும். பெயர் எதுவாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. விலையை வாங்குபவர் வைத்தார், சரக்கை அவரைப் போன்றதொரு நாடு செய்தது, சோதனையை நோயுள்ள ஊர் நடத்தியது. பணம் வந்த திசை மட்டும் வேறு.

எய்ட்ஸ் மருந்தின் கதை இதைவிடப் பெரியது. உங்களில் பலருக்குப் பாதி தெரிந்திருக்கும். 2000ஆம் ஆண்டில் மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சைக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆனது. ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கில் இறந்துகொண்டிருந்தார்கள். 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுப் ஹமீது, 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்கு அதே சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு. மூன்று மருந்தையும் ஒரே மாத்திரையில் அடக்கி, காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று ஆக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தவறாமல் சாப்பிடலாம்.

அந்த விலைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அதன் பின்னால் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ஒருவர் இருக்கிறார். நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் 1959இல் இந்தியாவின் காப்புரிமைச் சட்டம் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். இந்தியாவில் எடுக்கப்பட்ட காப்புரிமைகளில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டவர் கையில் இருப்பதையும், அவற்றில் பெரும்பாலானவை இங்கே உற்பத்திக்கே வராமல் கிடப்பதையும் அதில் எடுத்துக்காட்டினார். அந்த அறிக்கையின் மேல் எழுந்ததுதான் 1970 சட்டம். மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்றது அது. ஆகவே வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய முடிந்தது. முப்பது ஆண்டு அப்படிச் செய்து செய்து கை பழகிய ஒரு தொழில், 2001இல் உலகத்துக்கே தேவைப்பட்டபோது தயாராக நின்றது. மற்ற வளரும் நாடுகள் பலவற்றில் சந்தை இருந்தது. இப்படிப் பழகிய கை இல்லை.

மற்ற நாடுகளும் சும்மா இருக்கவில்லை. பிரேசில் 1996லேயே எய்ட்ஸ் மருந்தை இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம் போட்டு, அரசு ஆலையிலேயே சில மருந்துகளைச் செய்யவும் தொடங்கியது. ஏழை நாட்டில் இந்தச் சிகிச்சையைக் கொடுத்து என்ன பயன், நேரத்துக்கு மாத்திரை சாப்பிடமாட்டார்கள் என்று அன்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்குப் பிரேசிலின் அனுபவமே பதிலானது. தென்னாப்பிரிக்கா, விலை குறைந்த மருந்தை வரவழைக்க வழிசெய்யும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதை எதிர்த்து 39 மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. நோயாளிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். உலகம் முழுக்கக் கண்டனம் எழவே, 2001 ஏப்ரலில் நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. அந்த நவம்பரில் தோஹாவில் வளரும் நாடுகள் ஒன்றாக நின்று, பொதுமக்கள் உடல்நலத்துக்குக் காப்புரிமை விதிகள் குறுக்கே நிற்கக்கூடாது என்ற அறிவிப்பை உலக வர்த்தக அமைப்பிடமிருந்து வாங்கின. 2030 இலக்குகளில் உடல்நலம் பற்றிய மூன்றாவது இலக்கின் மருந்துப் பிரிவில் இந்தத் தோஹா அறிவிப்பு பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஓர் இலக்குக்குள் ஏழை நாடுகளின் போராட்டம் நேராக நுழைந்த இடம் அது.

பிறகு எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியமும் அமெரிக்க அரசின் திட்டமும் பெரும் பணம் கொண்டுவந்தன. அந்தப் பணம் இத்தனை பேருக்கு எட்டியதற்குக் காரணம் விலை இறங்கியதுதான். 2006 முதல் 2008 வரை நன்கொடைப் பணத்தில் வாங்கப்பட்ட எய்ட்ஸ் மருந்தில் 80 விழுக்காட்டுக்கு மேல், இந்திய நிறுவனங்கள் மலிவாகச் செய்த 'ஜெனரிக்' மருந்து. இன்று உலகில் சுமார் மூன்று கோடிப் பேர் இந்தச் சிகிச்சையில் உயிரோடு இருக்கிறார்கள்.

'நம் வீட்டில் குறை இருக்கும்போது' என்ற உங்கள் கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனின் குழு கண்டறிந்தது. அதன்பின் பதினெட்டு ஆண்டுகள், வசதி உள்ளவர் மருந்து வாங்கினார், இல்லாதவர் இறந்தார். 2004 ஏப்ரலில்தான் அரசு இலவசச் சிகிச்சையைத் தொடங்கியது. முதலில் தொடங்கிய சில மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. ஆப்பிரிக்காவுக்காக இறங்கிய அதே விலைதான் தாம்பரத்தில் வரிசையில் நின்றவருக்கும் மாத்திரை கிடைக்கக் காரணம். வெளியே செய்ததால் உள்ளே குறைந்தது என்று இந்த விஷயத்தில் யாரும் சொல்ல முடியாது. எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. உள்ளேயே செய்த மருந்து உள்ளூர்க்காரருக்குக் கிடைக்க இன்னும் மூன்றாண்டு ஆனது.

சரி, கெட்டுப்போனவற்றையும் சொல்ல வேண்டும்.

மொசாம்பிக்கில் 'புரோசவானா' என்று ஒரு திட்டம். பிரேசிலின் செர்ராடோ என்ற புளிப்பு மண் சமவெளியை ஜப்பானின் உதவியோடு சோயா விளையும் பூமியாக மாற்றியிருந்தார்கள். அதே அனுபவத்தை மொசாம்பிக்கின் நக்காலா பகுதியில் செய்யலாம் என்று 2009இல் மூன்று நாடுகளும் கைகோத்தன. காகிதத்தில் முக்கோண ஒத்துழைப்புக்கு இதைவிட அழகான உதாரணம் கிடையாது. ஆனால் நக்காலாவில் லட்சக்கணக்கான சிறு விவசாயக் குடும்பங்கள் தங்கள் துண்டு நிலத்தில் சோளமும் மரவள்ளியும் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரும் பண்ணைகள் வந்தால் இவர்கள் எங்கே போவார்கள்? அவர்களைக் கேட்கவே இல்லை. அந்நாட்டு விவசாயிகள் சங்கம் பிரேசில், ஜப்பான் விவசாய அமைப்புகளோடு தொடர்பு வைத்துக்கொண்டு, 2013இல் மூன்று நாட்டுத் தலைவர்களுக்கும் வெளிப்படையாகக் கடிதம் எழுதியது. பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2020இல் திட்டம் முடித்துவைக்கப்பட்டது. இதில் எனக்குப் பிடித்த பகுதி அந்த விவசாயிகள் செய்ததுதான். மூன்று நாட்டு விவசாயிகள் ஒருவர் அனுபவத்தை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டதும் ஒத்துழைப்புதானே.

அதே மொசாம்பிக்கில் எய்ட்ஸ் மருந்து ஆலை ஒன்றை அமைத்துத் தருவதாக 2003இல் பிரேசில் அதிபர் லூலா வாக்குக் கொடுத்தார். மாத்திரை வெளிவர 2012 ஆனது. நல்ல நோக்கம், சரியான தேவை. ஆனால் கட்டடத்துக்குப் பணம், பயிற்சி பெற்ற ஆள், தர அனுமதி என்று ஒவ்வொன்றும் இழுத்தது. அதற்குள் இந்திய மாத்திரையின் விலை மேலும் இறங்கிவிட்டது. வாக்குக் கொடுக்கும் நாட்டுக்கும் பணம் குறைவு என்பதை மறந்துவிடக் கூடாது.

கியூபாவைப் பற்றி நீங்கள் குறிப்பிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1963லேயே, பிரெஞ்சு மருத்துவர்கள் வெளியேறிய அல்ஜீரியாவுக்கு மருத்துவர்களை அனுப்பிய நாடு அது. 1999இல் ஹவானாவில் மருத்துவக் கல்லூரி தொடங்கி மற்ற நாட்டு ஏழைப் பிள்ளைகளை இலவசமாகப் படிக்கவைத்தது. 2014இல் எபோலா பரவியபோது 256 பேரை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. பலர் போகத் தயங்கிய நேரம் அது. வேறு சில நாடுகளுக்கு அனுப்பும் மருத்துவர்களின் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கியூப அரசே எடுத்துக்கொள்கிறது, அவர்களுக்குக் கட்டுப்பாடுகள் அதிகம் என்ற குற்றச்சாட்டும் உண்மையானதே. உதவி பெறும் நோயாளிக்கும் உதவி செய்யும் மருத்துவருக்கும், இருவருக்குமே நியாயம் வேண்டும்.

எனக்கு மிகவும் வலிப்பது காம்பியா. மென்ஆஃப்ரிவாக் ஊசியைத் தன் மண்ணில் சோதிக்க இடம் கொடுத்த அதே சிறிய நாடு. 2022இல் அங்கே அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இந்தியாவில் தயாரான இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்ததாக அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. வந்து இறங்கும் மருந்தைச் சோதித்துப் பார்க்க காம்பியாவிடம் தகுந்த ஆய்வகம் இல்லை. இந்தியாவில் ஏற்றுமதிக்கு முன் இருமல் மருந்தைக் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்ற விதி 2023 ஜூனில்தான் வந்தது. 'உலகின் மருந்தகம்' என்று பெருமைப்படும் நாம், முதலில் அந்தத் தாய்மார்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். மலிவு விலை என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இந்த நம்பிக்கையைக் காப்பாற்ற முடியாது.

இன்னொரு பாடம் 2021இல் வந்தது. கோவிட் தடுப்பூசியை ஜனவரியில் பூட்டான், மாலத்தீவு என்று இந்தியா அனுப்பத் தொடங்கியது. இரண்டாம் அலை வந்ததும் ஏற்றுமதி நின்றது. அந்த ஆண்டின் கடைசிவரை பெரிய அளவில் போகவில்லை. இங்கே மக்கள் ஆக்சிஜன் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தபோது வேறு எந்த அரசும் அதைத்தான் செய்திருக்கும். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் புனேயை நம்பி உட்கார்ந்திருந்த ஆப்பிரிக்க நாடுகளுக்கு அன்று வேறு வழியே இல்லாமல் போனது. தங்களுக்குத் தேவையான தடுப்பூசிகளில் ஒரு விழுக்காட்டை மட்டுமே அவர்கள் தாங்களாகச் செய்துகொண்டிருந்தார்கள். பணக்கார நாட்டைச் சார்ந்திருந்தது போய் இன்னொரு வளரும் நாட்டைச் சார்ந்திருக்கும் நிலை வந்தால், முகவரி மட்டும்தான் மாறியிருக்கிறது.

அதனால்தான் இப்போது கேட்கப்படுவது வேறு. சரக்கு வேண்டாம், செய்முறை வேண்டும் என்கிறார்கள். 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து, கோவிட் காலத்துக்குக் காப்புரிமை விதிகளைத் தளர்த்த வேண்டும் என்று உலக வர்த்தக அமைப்பில் கேட்டன. 2022 ஜூனில் கிடைத்தது மிகக் குறுகிய ஒரு முடிவு. கேட்டதில் சிறு பகுதிதான் தேறியது. ஆனால் அதற்குள் கேப் டவுனில் 'அஃப்ரிஜென்' நிறுவனத்தின் விஞ்ஞானிகள், உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பாட்டில், வெளியே கிடைத்த தகவலை வைத்தே எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியைத் தாங்களாகச் செய்து பார்த்துவிட்டார்கள். அதைக் கற்றுக்கொள்ளும் நாடுகளின் பட்டியலில் பிரேசில், அர்ஜென்டினா, செனகல், கென்யா, வங்கதேசம், வியட்நாம், இந்தியா எல்லாம் இருக்கின்றன. சொல்லித்தருபவர் இடத்தில் தென்னாப்பிரிக்காவும் கற்றுக்கொள்பவர் இடத்தில் இந்தியாவும் நிற்கும் காட்சி எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆப்பிரிக்க ஒன்றியம், 2040க்குள் தன் தடுப்பூசித் தேவையில் 60 விழுக்காட்டைத் தன் கண்டத்திலேயே செய்வது என்று இலக்கு வைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கென்று பொதுவாக ஒரு மருந்துக் கண்காணிப்பு முகமையை அமைக்கும் ஒப்பந்தமும் 2021இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. தலைமையகம் ருவாண்டாவின் கிகாலி. இன்னொரு காம்பியா நடக்காமல் தடுக்க அது மிக அவசியம்.

கடனைப் பற்றி நான் பேசவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். துறைமுகத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் ஒரு வளரும் நாடு இன்னொன்றுக்குக் கடன் கொடுப்பதையும் இதே பெயரில் சேர்க்கிறார்கள். அரிசி ஒப்பந்தத்தில் தொடங்கிய இலங்கை–சீன உறவு 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கும் இடத்துக்கு வந்தது. எந்த நாட்டிலிருந்து வந்தாலும் கடனைக் கடன் என்றே எடைபோட வேண்டும். வட்டி, தவணை, அடமானம் எல்லாவற்றையும் பார்த்து. அதற்குத் தனியாக ஒரு பதில் எழுத வேண்டும்.

மூளைக்காய்ச்சலில் 'ஏ' வகை ஓய்ந்த பிறகு 'சி', 'டபிள்யூ', 'எக்ஸ்' வகைகள் தலைதூக்கின. 2015இல் நைஜரிலும் 2017இல் நைஜீரியாவிலும் 'சி' வகை பலரைக் கொன்றது. புனேயும் 'பாத்' அமைப்பும் மறுபடி உட்கார்ந்து, 'எக்ஸ்' உட்பட ஐந்து வகைக்கும் சேர்த்து ஒரே ஊசியைச் செய்தன. பணத்தில் பெரும்பகுதி இம்முறை பிரிட்டன் அரசிடமிருந்து வந்தது. சோதனை நடந்த நாடுகளில் மாலியும் காம்பியாவும் மறுபடி இருந்தன. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிச் சான்று கிடைத்தது. 2024இல் நைஜீரியா அதை முதல் நாடாகப் போடத் தொடங்கியது. மூளைக்காய்ச்சல் அலைகளை 2030க்குள் முடிவுக்குக் கொண்டுவருவது என்று உலக சுகாதார நிறுவனத்தில் நாடுகள் ஒப்புக்கொண்ட இலக்கு, இப்போது இந்த ஊசி எத்தனை வேகமாக மற்ற 25 நாடுகளுக்கும் போய்ச் சேர்கிறது என்பதில் நிற்கிறது.